ஆய்வுத் தலைப்பை ஆப்பிலிருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: நான்கு வருடம் தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். இப்போது எம்.எட். முதலாம் ஆண்டு முடியப்போகிறது. கல்வித் தொழில்நுட்பத்தில், பாடத்தை வடிவமைப்பது சார்ந்து ஆய்வேடு எழுத ஆசை. ஏஐ இல்லாத தலைப்புக்கு மதிப்பில்லை என்கிறார்கள் தோழிகள். சொந்தமாக ஆப் செய்தால்தான் வடிவமைப்பு என்கிறார் ஒருவர். எனக்குக் கோடிங் தெரியாது. தலைப்பு, வினாத்தாள், புள்ளிவிவரம் எல்லாம் சேர்த்துத் தருவதாக ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் சொல்கிறார்கள். கைடு இரண்டு வாரத்தில் தலைப்பு கேட்கிறார். என்ன செய்வது? – வாசகி, திண்டுக்கல்

பதில்: ஏஐ வேண்டாம். ஆப் வேண்டாம். ப்ராஜெக்ட் சென்டர் பக்கமே போக வேண்டாம். உங்களிடம் அதைவிடப் பெரிய சொத்து இருக்கிறது: நான்கு வருடம் ஆறாம் வகுப்பில் நின்றிருக்கிறீர்கள். பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று யோசியுங்கள். 1/4 பெரியதா, 1/8 பெரியதா என்று கேட்டால், எட்டு நான்கைவிடப் பெரியது, அதனால் 1/8தான் பெரியது என்று எத்தனை பிள்ளைகள் சொன்னார்கள்? முழு எண்ணின் கணக்கைப் பின்னத்தின் மேல் ஏற்றிவிடும் இந்தப் பிழை உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. உங்கள் தலைப்பு அங்கேதான் இருக்கிறது. ‘ஆறாம் வகுப்பு மாணவர்கள் பின்னங்களை ஒப்பிடும்போது செய்யும் பிழையைக் களைய, எண்கோட்டுச் செயல்பாடு ஒன்றை வடிவமைத்துச் சோதித்தல்’ என்று எழுதிப் பாருங்கள். எண்கோடு என்றால், எண்களை வரிசையாகக் குறித்த கோடு. இதில் ஏஐயும் இல்லை, ஆப்பும் இல்லை. ஆனால் யார், எந்தச் சிக்கல், என்ன செய்யப் போகிறீர்கள் என்ற மூன்றும் இருக்கின்றன. அந்த எண்கோடு ஸ்மார்ட் போர்டில் வருமா, காகிதப் பட்டையில் வருமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.

கருவியிலிருந்து தொடங்கினால் என்ன கெட்டுப்போகும்? நம் ஊரில் அடிக்கடி நடக்கும் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். ‘அ’ பிரிவுக்கு வீடியோ காட்டுவார்கள், ‘ஆ’ பிரிவுக்கு வழக்கம்போலக் கரும்பலகை. ‘அ’ பிரிவு கூடுதல் மதிப்பெண் வாங்கும். உடனே வீடியோ சிறந்தது என்று முடிவு எழுதிவிடுவார்கள். ஆனால் வீடியோவில் படம் அதிகம், உதாரணம் அதிகம், அதற்குச் செலவழித்த நேரமும் அதிகம். புதிதாக ஒன்று வந்த உற்சாகம் வேறு. மதிப்பெண் கூடியது இவற்றில் எதனால்? வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டால் பதில் இருக்காது. 1983-லேயே அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் இதைத்தான் எழுதினார்: மளிகைச் சாமான் ஏற்றிவரும் லாரியால் நம் உடம்பு தேறுவதில்லை, அதுபோலப் பாடத்தைக் கொண்டுவரும் கருவியால் கற்றல் கூடுவதில்லை. அவரோடு சண்டை போட்டவர்களும் உண்டு. ஆனால் உங்கள் அளவுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். இரண்டு குழுவுக்கும் அதே உதாரணங்கள், அதே நேரம் கொடுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு குழுவில் பிள்ளைகளே புள்ளியை எண்கோட்டில் நகர்த்தட்டும், இன்னொன்றில் ஆசிரியர் நகர்த்திக் காட்டட்டும். அப்போது வரும் விடைக்கு அர்த்தம் உண்டு.

கோடிங் பயத்தையும் விடுங்கள். கணக்குப் படம் வரையும் ஜியோஜீப்ரா, கட்டங்களை அடுக்கியே நிரல் செய்யும் ஸ்க்ராட்ச், ஏன், பவர்பாயிண்ட்டே போதும். செய்த பொருள் பளபளப்பாக இருக்கிறதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. முதலில் ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். எங்கே குழம்புகிறார்கள் என்று குறித்துக்கொண்டு திருத்துங்கள். திருத்தியதை வேறு பிள்ளைகளிடம் கொடுங்கள். எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்ற அந்தக் குறிப்புதான் ஆய்வேட்டின் உயிர். கல்வி ஆய்வாளர்கள் ஆன் பிரவுனும் ஆலன் காலின்ஸும் 1992-ல் எழுதிய கட்டுரைகளிலிருந்து வளர்ந்த மரியாதையான ஆய்வுமுறை இது. யாராவது முகம் சுளித்தால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

ஏஐ ஏன் வேண்டாம் என்கிறேன்? நீங்கள் சோதித்த வடிவம் ஆய்வேடு பைண்டிங் ஆவதற்குள் மாறிவிடும். அதோடு, 13 வயதுக்குக் குறைந்தவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று சாட்ஜிபிடியின் விதிமுறையே சொல்கிறது. உங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 11 வயது.

இப்போது அந்த ப்ராஜெக்ட் சென்டர். இதைப் பற்றி நிறுத்திச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே கிடைக்கும் தலைப்புகளில் பாதி, மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றியவை. மதுரை மாவட்ட மேல்நிலை மாணவர்களின் இணையவழிக் கற்றல் மனப்பான்மை என்ற தலைப்பு போன வருடம் விற்றிருந்தால், இந்த வருடம் திண்டுக்கல் மாவட்டம். நம்பாவிட்டால் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் மனப்பான்மை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிப் பாருங்கள். வினாத்தாளை யாருமே நிரப்பாமல் எண்களைக் கணினியில் தட்டி, எஸ்பிஎஸ்எஸ் என்னும் புள்ளிவிவர மென்பொருளின் அட்டவணையாக அச்சடித்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அது உதவி அல்ல, மோசடி. அதில் கையெழுத்துப் போடுவது நீங்கள். பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிமுறைப்படி நடவடிக்கை உண்டு. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் ஒரு வருடத்துக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தரவே முடியாது. அதற்கும் மேலே என்றால் பதிவே ரத்து. இதற்கு மருந்து என்று சதவீதம் குறைத்துத் தருவதாக இன்னொரு கட்டணம் கேட்பார்கள். சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு, படித்தால் ஒரு வரிகூடப் புரியாத தமிழாக ஆக்கித் தருவார்கள். கட்டுரை வெளியிட்டால்தான் பட்டம் என்று பயமுறுத்தி ஆய்விதழ் கட்டணமும் கேட்பார்கள். உங்கள் பல்கலைக்கழக விதிமுறையில் அப்படி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஒன்றைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று வினாத்தாள் கொடுத்துக் கேட்கும் மனப்பான்மை ஆய்வையும் எடுக்காதீர்கள். அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அரசு ஏற்கெனவே கொடுத்திருக்கும் ஒன்று பயன்படாமல் கிடந்தால், ஏன் கிடக்கிறது என்று ஆசிரியர்களைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. ‘க்யூஆர் கோடு பயனுள்ளது’ என்று அச்சடித்து, முழுமையாக உடன்படுகிறேன் முதல் முழுமையாக மறுக்கிறேன் வரை ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்தால் எல்லாரும் முதல் கட்டத்தில்தான் டிக் அடிப்பார்கள். அதனால் ஒன்றும் தெரியாது. போன வாரம் எந்தப் பாடத்தின் க்யூஆர் கோடைத் திறந்தீர்கள், யாருடைய போனில், யாருடைய டேட்டாவில், திறந்ததும் என்ன வந்தது என்று கேளுங்கள். முடிந்தால் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். அந்த ஆய்வுக்கு இருபது ஆசிரியர்கள் போதும். விருப்பத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்டால், அது மனப்பான்மை ஆய்வு என்ற பெயரில் வந்தாலும் நல்ல ஆய்வுதான்.

இரண்டு வாரத்தில் தலைப்பு கேட்பது உங்கள் கைடின் தவறு மட்டுமல்ல. முதலில் தலைப்பைப் பதிவு செய், பிறகு முந்தைய ஆய்வுகளைப் படிக்கும் இலக்கிய மீளாய்வு செய் என்று முறையையே தலைகீழாக வைத்திருக்கிறோம். படிக்காமல் எப்படித் தலைப்பு வரும்? மாணவர்கள் ப்ராஜெக்ட் சென்டர் படியேறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். 300 பேர் கொண்ட மாதிரி, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை என்ற புள்ளிவிவரக் கணக்கு இருந்தால்தான் ஆய்வு என்ற பிடிவாதம் மீதிக் காரணம்.

சரி, அந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியது. ஒரு பக்கம் எழுதுங்கள்: பிள்ளைகள் செய்யும் பிழை, அதற்கு இரண்டு உதாரணம், நீங்கள் செய்யப்போகும் செயல்பாடு, எந்தப் பள்ளி, எத்தனை பீரியட். வகுப்பு ஆறு முதல் எட்டுக்குள் இருக்கட்டும். பத்து, பன்னிரண்டு என்றால் பொதுத்தேர்வைக் காட்டித் தலைமையாசிரியர் வாசலிலேயே நிறுத்திவிடுவார். களப்பணியைக் காலாண்டுத் தேர்வுக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் வேண்டியிருக்கும். ஜூன் மாதமே மனு கொடுத்துவிடுங்கள். நீங்கள் வேலை பார்த்த பள்ளியே என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி, பெற்றோரிடம் ஒப்புதல்.

கைடு டி-சோதனை கேட்டால் மறுக்காதீர்கள். செயல்பாட்டுக்கு முன்பும் பின்பும் ஒரே பிள்ளைகளுக்கு அதே கடினத்தில் ஒரு பின்னத் தேர்வு வைத்தால் அந்த அட்டவணை கிடைத்துவிடும். அது ஓர் அத்தியாயத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் 1/8 பற்றி என்ன சொன்னார்கள், நீங்கள் எதைத் திருத்தினீர்கள் என்பதற்கு இன்னோர் அத்தியாயம் ஒதுக்கச் சொல்லி இப்போதே பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.