1.3 டீசல் இன்ஜினும் நம்ம மலை ரோடும்: கேள்வி-பதில்

இந்தத் தடவ வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே இன்ஜினப் பத்தித்தான். ஃபியட்டோட 1.3 மல்டிஜெட். மாருதிக்காரங்க அத டிடிஐஎஸ்னு வித்தாங்க, டாடாகாரங்க குவாட்ராஜெட்னு வித்தாங்க, பானட்டத் தொறந்தா உள்ள இருக்கறது அதேதான். 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 புகை விதி வந்தப்போ மாருதி டீசலயே விட்டுட்டாங்க, ஆனா ஊட்டி குன்னூர் கூடலூர்னு எந்த ஸ்டாண்டுல நின்னு பாத்தாலும் இது இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு. அதனால எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டேன்.

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, 2012 ஸ்விஃப்ட் டீசல் ஒண்ணு வெலைக்கு வருது, கிட்டத்தட்ட அதே காசுக்கு ஒரு டாடா மான்ஸாவும் இருக்கு. ரெண்டும் ஒரே இன்ஜின்னு சொல்றாங்க, அப்போ எத எடுத்தா என்ன?

இன்ஜின் ஒண்ணு, ஆனா டியூனிங் வேற தம்பி. 1248 சிசி, நாலு சிலிண்டர், 16 வால்வ், போர் 69.6 மில்லி, ஸ்ட்ரோக் 82 மில்லி, இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், வால்வ இயக்கறதுக்கு பெல்ட் கெடையாது செயின்தான், இது வரைக்கும் எல்லாத்துலயும் பொது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ்ல வந்தது 75 குதிரத் திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை), டர்போ, அதாவது புகை வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ற விசிறி, சாதா டர்போ. மான்ஸா, எஸ்எக்ஸ் 4, எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸாவுல வந்தது 90 குதிரத் திறன், 200 நியூட்டன் மீட்டர், அதுல விஜிடி டர்போ, அதாவது டர்போவுக்குள்ள இருக்கற சின்னச் சின்ன தகடுங்க திரும்பி காத்து போற வழிய சுருக்கி விரிக்கும், அதனால கீழ ஆர்பிஎம்லயே (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்தற சுத்து) கொஞ்சம் சீக்கிரமா இழுக்கும். ஃபியட் லீனியாவுல இதே 1.3 தான் 93 வரைக்கும் போச்சு.

மலைக்கு 90 தான் சொகம்னு கண்ண மூடிட்டு சொல்லிடலாம், ஆனா மான்ஸா ஸ்விஃப்ட்ட விட நல்ல கனம், கூட வர்ற அந்த 15 குதிரைல பாதிய வண்டியே தின்னுடும். விஜிடில கரி புடிச்சு தகடு இறுகிப் போச்சுன்னா செலவும் சாதா டர்போவ விட ஜாஸ்தி. நானா இருந்தா மாடலப் பாக்க மாட்டேன், ஆயில் மாத்துன பில்லத்தான் பாப்பேன். பில்லு வெச்சிருக்கற ஸ்விஃப்ட், பில்லு இல்லாத மான்ஸா, ரெண்டுல ஸ்விஃப்ட்ட எடுங்க. வண்டி பாக்கப் போறப்போ காலைல போங்க, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு போங்க. பானட்ல கைய வெச்சுப் பாத்து சூடா இருந்தா அந்த ஆளு எதையோ மறைக்கறாருன்னு அர்த்தம்.

கூடலூரிலிருந்து: காலைல மொத ஸ்டார்ட்ல கடகடன்னு ஒரு சத்தம் வருதுங்க, ரெண்டு மூணு செகண்டுல நின்னுடுது. டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணணும்னு ஒரு மெக்கானிக் சொல்றாரு. பண்ணலாமா?

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்த இன்ஜின்ல டேப்பெட் அட்ஜஸ்ட், அதாவது வால்வ் இடைவெளிய கையால சரி பண்றதுன்னு ஒரு வேலையே கெடையாது. ஹைட்ராலிக் லிஃப்டர், ஆயில் பிரஷர்ல தானா இடைவெளிய சரி பண்ணிக்கும். அதுக்கு காசு கேக்கறவர்கிட்ட வண்டிய விடாதீங்க.

அந்த சத்தம் பெரும்பாலும் டைமிங் செயின். செயின இறுக்கிப் புடிக்கற டென்ஷனரும் ஆயில் பிரஷர்லதான் வேல செய்யுது, ராத்திரி பூரா நின்ன வண்டில ஆயில் கீழ எறங்கிடும், காலைல பிரஷர் ஏர்ற வரைக்கும் செயின் தளந்து கவர்ல அடிக்கும். புது செயின்ல இது கேக்கவே கேக்காது. செயின் நீண்டு போய் டென்ஷனரும் தேஞ்சு போனாத்தான் கேக்கும். இதோட விட்டா ஒரு நாள் பல்லு தாண்டும், தாண்டினா வால்வும் பிஸ்டனும் மோதும், ராக்கர் ஒடையும், அப்புறம் ஹெட்ட எறக்கணும், அந்தச் செலவுக்கு செயின் செட்ட பல தடவ மாத்திடலாம்.

செயின் லைஃப் டைம் வரும்னு ஷோரூம்ல சொன்னாங்கன்னு எல்லாரும் சொல்றீங்க. வரும், ஆயில ஒழுங்கா மாத்தினா. இதோட சம்ப், அதாவது இன்ஜின் அடில இருக்கற ஆயில் தொட்டி, ரொம்பச் சின்னது, மொத்தமே 3 லிட்டர் சொச்சம்தான் புடிக்கும். அதுல அரை லிட்டர் கொறஞ்சாலே பெரிய கொறை. டீசல் கரி பூரா அந்தக் கொஞ்சூண்டு ஆயில்லதான் கலக்குது, கரி கலந்த ஆயில் செயினோட ஒவ்வொரு கண்ணியிலயும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், அதே ஆயில்தான் டர்போ ஷாஃப்டுக்கும் போகுது. மாருதி புக்குல 10,000 கிலோமீட்டர்னு இருக்கும், அது சமவெளில ஒரே வேகத்துல போற வண்டிக்கு சரி. கூடலூர்ல இருந்து பந்தலூர், நாடுகாணின்னு ரெண்டாவது மூணாவது கியர்லயே ஓடற வண்டிக்கு கிலோமீட்டர் கம்மியா காட்டும், இன்ஜின் சுத்துன சுத்து ஜாஸ்தியா இருக்கும். 7,000ல மாத்திடுங்க, 5,000ன்னா இன்னும் நல்லது. டீசல் டர்போவுக்குன்னு வர்ற 5டபிள்யூ-30, இல்லன்னா 5டபிள்யூ-40 சிந்தெடிக், கூடவே ஃபில்டர். கேன்ல சில்லறையா வர்ற கெட்டி ஆயில ஊத்தினா சத்தம் கொறஞ்ச மாதிரி இருக்கும், ஆனா குளுர்ல அது மேல ஏறவே நேரம் எடுக்கும், செயினுக்கு இன்னும் கேடு.

செயின மட்டும் மாத்தாதீங்க, டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட்டுன்னு முழு செட்டா மாத்துங்க. முன் கவரக் கழட்ட சம்ப்ப எறக்கித்தான் ஆகணும், அப்போவே ஆயில் உறிஞ்சற ஜல்லடைல கசடு கட்டியிருக்கான்னு பாத்து சுத்தம் பண்ணச் சொல்லுங்க. அத விட்டுட்டு மூடினா பாதி வேலதான் ஆச்சு.

குன்னூரிலிருந்து: சார், பர்லியார்ல இருந்து மேல ஏறும்போது கொண்டை ஊசில ரெண்டாவது கியர்ல வண்டி செத்துப் போயிடுது, அப்புறம் திடீர்னு தூக்கிட்டு ஓடுது. டர்போ போயிடுச்சா?

திடீர்னு தூக்குதுன்னா டர்போ உசுரோடதான் இருக்கு. 75 குதிரத் திறன் ஸ்விஃப்ட்ல முழு டார்க் வர்றது 2000 ஆர்பிஎம்ல. அதுக்குக் கீழ டர்போ இருந்தும் இல்லாத மாதிரிதான், வெறும் 1248 சிசி டீசல் இன்ஜின் நாலு பேரையும் மூட்டையையும் இழுக்குது. அதோட நம்ம ஊரு ஒசரம் வேற. ஊட்டி 2,240 மீட்டர்ல இருக்கு, அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்குக்கு கொஞ்சம் மேலதான். டர்போ சுத்த ஆரம்பிச்சா அந்தக் கொறைய அதுவே ஓரளவுக்கு ஈடு கட்டிடும், மேட்டுப்பாளையத்துல இருந்து வர்ற பெட்ரோல் வண்டிங்க மேல திணறும்போது நம்ம டீசல் தாண்டிப் போறது அதனாலதான். ஆனா சுத்தற வரைக்கும் காத்தும் கம்மி, டர்போவும் இல்ல, ரெண்டு பக்கமும் அடி.

மருந்து ரொம்ப லேசு, வளைவுக்கு முன்னாடியே ஃபர்ஸ்ட் கியர் போடுங்க. டீசல் வண்டிய ஃபர்ஸ்ட்ல ஏத்தறது கௌரவக் கொறச்சல்னு நெறைய பேரு நெனச்சுட்டு செகண்ட்லயே அரை கிளட்ச்ல உருட்டறாங்க, கிளட்ச் சீக்கிரம் போறது அதுலதான். 2000க்கு மேல வெச்சு ஓட்டியும் இழுவையே இல்ல, கரும்புகை தள்ளுதுன்னா அப்போ பாக்க வேண்டியது வேற. இன்டர்கூலருக்கு (டர்போ காத்த ஆத்தற ரேடியேட்டர்) போற ஓஸ் கிழிஞ்சிருக்கலாம், கிளிப் தளந்திருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், புகைல கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்குள்ள விடற இஜிஆர் வால்வ் கரி புடிச்சு தொறந்தபடி நின்னிருக்கலாம். ஓஸ்ல இருந்து ஆரம்பிங்க, அதுதான் மலிவு. மேல ஏறி முடிச்ச ஒடனே சாவிய அணைக்காதீங்க, ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும், சூடான டர்போவுக்கு ஆயில் போயிட்டு இருக்கணும்.

அதே ஊர்லருந்து இன்னொருத்தர்: இஜிஆர அடைச்சுட்டா பிக்கப் வரும்னு சொல்றாங்களே, பண்ணிடலாமா?

வேண்டாம். சட்டத்துக்கு விரோதம், மாசும் கூடும். கழட்டி சுத்தம் பண்ணுங்க போதும். வீட்ல இருந்து கடைக்கு ரெண்டு கிலோமீட்டர் போய்ட்டு இன்ஜின் சூடாகறதுக்குள்ள அணைக்கற வண்டிலதான் இது சீக்கிரம் அடைக்கும். மாசத்துக்கு ரெண்டு தடவ கோயம்புத்தூர் ரோட்ல நல்லா வெரட்டுங்க.

ஊட்டியிலிருந்து: உறைபனி சீசன்ல காலைல ஸ்டார்ட் ஆக அடம் புடிக்குது. ரேடியேட்டர்ல தண்ணி மட்டும் ஊத்தறோம், அதனாலயா?

ஸ்டார்ட் ஆகாததுக்கு அது காரணம் இல்ல, ஆனா அதுவும் தப்புத்தான். ஸ்டார்டிங்குக்கு சிலிண்டர சூடு பண்ற நாலு குளோ பிளக் இருக்கு, சாவிய ஆன் பண்ணி டேஷ்ல அந்த சுருள் லைட் அணையற வரைக்கும் காத்திருந்து அப்புறம் அடிங்க, நெறைய பேரு காத்திருக்கறதே இல்ல. அப்படியும் வெள்ளப் புகையோட குலுங்கி ஸ்டார்ட் ஆச்சுன்னா ஒண்ணு ரெண்டு பிளக் போயிருக்கும். பேட்டரி பழசா இருந்தா குளுர்லதான் மொதல்ல காட்டிக் கொடுக்கும். டீசல் ஃபில்டர் அடில சேர்ற தண்ணியயும் மழைக்காலம் முடிஞ்ச ஒடனே எறக்கிடுங்க, அந்தத் தண்ணி இன்ஜெக்டர் வரைக்கும் போச்சுன்னா செலவு தாங்காது.

இப்போ தண்ணி விஷயம். ஊட்டி ஒசரத்துல வெறும் தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுடும், இன்ஜின் ஓடற சூடு கிட்டத்தட்ட அதேதான். மூடில பிரஷர் நின்னா தப்பிக்கும், மூடி ரப்பர் போயிருந்தா மேல போகப் போகக் கொதிக்கும். ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போனா அதே தண்ணி ஒறைஞ்சு விரியும். அலுமினிய ஹெட்டையும் அரிக்கும். கூலன்ட் ஊத்துங்க, இதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

மசினகுடியிலிருந்து: கல்லட்டி எறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு எங்க டிரைவர் சொல்றாரு. உண்மையா?

பொய். கியர்ல போட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) டீசல சுத்தமா நிறுத்திடும், சக்கரம்தான் இன்ஜினச் சுத்தும். நியூட்ரல்ல போனாத்தான் ஐடிலிங்குக்கு டீசல் போகும். அவரு மிச்சம் புடிக்கல, செலவு பண்றாரு. கல்லட்டி 36 கொண்டை ஊசி, பிரேக்க மட்டும் நம்பி எறங்கினா பாதியிலயே தீஞ்ச வாசன வரும், அப்புறம் பெடல் இருந்தும் பிரேக் இருக்காது. இன்ஜினயே அணைச்சுட்டு எறக்கறவங்களும் இருக்காங்க, அது இன்னும் மோசம். டீசல் இன்ஜின்ல பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் தர்ற பம்ப்ப இன்ஜின்தான் சுத்துது, இன்ஜின் நின்னா ரெண்டு மூணு மிதிக்கப்புறம் பெடல் கல்லாயிடும். ஏறின கியர்லயே எறங்குங்க. டிரைவர் கேக்கலன்னா டிரைவர மாத்துங்க.

மஞ்சூரிலிருந்து: என் டிசையர் இன்ஜின் கை விட்டுடுச்சு. ஆக்கர் கடைல (பழைய சாமான் கடை) டாடா விஸ்டா இன்ஜின் ஒண்ணு நல்ல கண்டிஷன்ல இருக்கு. அப்படியே தூக்கி வெச்சுடலாமா?

அப்படியே வெக்க முடியாதுங்க. பிளாக்கும் ஹெட்டும் ஒண்ணுதான், ஆனா மவுண்டிங், சம்ப், டர்போ பைப், கியர் பாக்ஸ் சேர்ற எடம், வயரிங், ஈசியூ எல்லாம் கம்பெனிக்கு கம்பெனி வேற. ஈசியூ, திருட்டுத் தடுக்கற இம்மொபிலைசரோட கட்டிப் போட்டது, மாத்தினா சாவிய ஏத்துக்காது. இன்ஜெக்டர் தலைல ஒரு கோட் நம்பர் இருக்கும் பாருங்க, இன்ஜெக்டர் மாறினா அந்தக் கோட ஸ்கேனர் போட்டு ஏத்தணும், இல்லன்னா ஐடிலிங்ல நடுங்கும், புகை வரும். ஸ்விஃப்ட் இல்லன்னா ரிட்ஸ் இன்ஜினாப் பாருங்க, அதே பிஎஸ் 3, பிஎஸ் 4 பொருத்தத்தோட. அதுதான் பெரிய வெட்டு ஒட்டு இல்லாம உக்காரும். அப்பவும் உங்க பழைய இன்ஜின்ல நல்லா இருக்கற டர்போ, இன்ஜெக்டர எடுத்து அதுல மாட்டறதே உத்தமம்.

பேப்பர் வேலைய மறந்துடாதீங்க. இன்ஜின் நம்பர் ஆர்சில இருக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு படி ஆர்டிஓகிட்ட சொல்லி ஆர்சில ஏத்தணும். வாங்கற இன்ஜினுக்கு கடைக்காரர்கிட்ட பில்லும் அது வந்த வண்டியோட நம்பரும் கேளுங்க, தர மாட்டேன்னா இன்ஜின் எவ்வளவு நல்லா இருந்தாலும் விட்டுட்டு வந்துடுங்க. நம்பர் மாறின வண்டி செக் போஸ்ட்ல மாட்டினாலும், ஆக்சிடென்ட்ல இன்சூரன்ஸ் கேட்டாலும் வம்பு உங்களுக்குத்தான்.

கொடைக்கானலிலிருந்து: செவர்லே பீட் டீசலும் இதே இன்ஜின்தானா? இந்த ஸ்பேர்ஸ் சேருமா?

அதே குடும்பம்தான், ஆனா ஒரு சிலிண்டர் கம்மி. 936 சிசி, மூணு சிலிண்டர். அதனால ஹெட், கிராங்க், கேம் எதுவும் சேராது. செவர்லே செயில் டீசல்ல இருந்ததுதான் இந்த 1248. பீட்டுக்கு சாமான் வாங்கறப்போ பழச கையோட கொண்டு போய் பக்கத்துல வெச்சுப் பாத்து வாங்குங்க, வத்தலகுண்டுக்கும் கொடைக்கும் ரெண்டு நட அலையறது மிச்சமாகும்.