படித்தவளுக்கு ஏன் இந்தத் தயக்கம்?

கேள்வி: நான் முதுகலைப் பட்டதாரி. திருமணமாகி மூன்று ஆண்டுகளாகின்றன. தாம்பத்திய உறவின்போது ஒவ்வொரு முறையும் வலிக்கிறது, கணவரிடம் சொன்னதில்லை. பள்ளிப் படிப்பையே முடிக்காத என் அக்கா மகிழ்ச்சியாக வாழ்கிறாள். படிப்புக்கும் இல்லற சுகத்துக்கும் தொடர்பே இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தொடர்பு உண்டு; ஆனால் பட்டத்தைக் கொண்டு அளக்கக்கூடிய தொடர்பு அன்று. படித்த பெண்ணுக்குக் கருத்தடை முறையை அறிந்து தேர்ந்தெடுக்கவும், விருப்பமில்லாத நாளில் வேண்டாம் என்று சொல்லவும், மருத்துவரைத் தனியே சென்று பார்க்கவும் பொதுவாகச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆயினும் நாம் கற்ற பாடம் கருவுறுதலோடு நின்றுவிட்டது. கருப்பையையும் சினைக்குழாயையும் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கினோம். பெண்ணின் இன்ப உணர்வுக்கு முதன்மையான உறுப்பாகிய கிளிட்டோரிஸ் அந்தப் படத்தில் பெரும்பாலும் இருந்ததில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியாகி, ஆய்வாளர்கள் இன்றும் பரவலாகப் பயன்படுத்தும் 'பெண் பாலியல் செயல்பாட்டுக் குறியீடு' என்னும் வினாத்தாள், ஆசை, கிளர்ச்சி, ஈரப்பசை, உச்சம், நிறைவு, வலி ஆகிய ஆறையும் பற்றி 19 கேள்விகள் கேட்கிறது. நாம் எழுதிய எந்தத் தேர்விலும் இவற்றுள் ஒன்றுகூட வந்ததில்லை.

உங்கள் அக்காவுக்கு உண்மையிலேயே குறை இல்லாமல் இருக்கலாம். இருந்தும் சொல்லாமல் இருக்கலாம். உங்களைப் பார்ப்பவர்களும் நீங்கள் மகிழ்ச்சியாக இருப்பதாகத்தானே நினைத்திருப்பார்கள்? மேலும், 'இவ்வளவு படித்தும் இதுகூடத் தெரியாதா' என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம் படித்தவர்களுக்கே உரியது. உங்கள் கடிதத்தில் அதுதான் வலியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பொறுத்துக்கொண்டால் வலி தானாகச் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். வலிக்குமோ என்ற அச்சத்தில், கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் நம்மை அறியாமலேயே இறுகுகின்றன. இறுகிய தசை மேலும் வலிக்கிறது. அடுத்த முறை அச்சம் இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறது. இதற்கு உடற்பயிற்சி சிகிச்சையும் ஆலோசனையும் உண்டு, நல்ல பலனும் கிடைக்கிறது. ஈரப்பசைக் குறைவு, தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) ஆகியவையும் காரணமாகலாம் என்பதால், மகளிர் நல மருத்துவரிடம் "வலிக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், நுழைவிடத்திலேயே வலிக்கிறதா, ஆழத்தில் வலிக்கிறதா, எரிச்சலா, மாதவிலக்கை ஒட்டிக் கூடுகிறதா, முதல் முறையிலிருந்தே இருந்ததா, இடையில் தொடங்கியதா என்பதையெல்லாம் சொல்லுங்கள். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். மருத்துவர்களுக்கு இது புதிதன்று.

கணவரிடம் படுக்கையில் அல்லாமல், இருவரும் ஓய்வாக இருக்கும் பகல் பொழுதில் பேசுங்கள். அவரும் நீங்கள் படித்த அதே அரைகுறைப் பாடத்தைத்தான் படித்திருப்பார். ஆகவே குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். வலி தீரும்வரை உடலுறவை ஒத்திவைத்து, மற்ற நெருக்கங்களைத் தொடரலாம் என்று நீங்களே சொல்லலாம். உறவுக்குப் பின் இரத்தக்கசிவு இருந்தால் மட்டும், அந்தப் பேச்சுக்குக்கூடக் காத்திராமல் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.