நாகை – காங்கேசன்துறை கப்பல்: டிசம்பரில் அம்மாவோடு போகலாமா?

வணக்கம் சகோ. டிசம்பர் கடைசியில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகலாமா, அம்மாவுக்கு பஸ் ஏறினாலே குமட்டுமே என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். அது வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம்; 2023 அக்டோபரில் தொடங்கிய சேவையே வானிலையால் சில நாளில் நின்றது. பிப்ரவரி கடைசி, மார்ச் என்றால் கடல் தணிந்திருக்கும்.

ஏறத்தாழ நாலு மணி நேரப் பயணம். அம்மாவைக் கப்பலின் நடுப்பக்கமாக உட்காரவையுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. வெறும் வயிறு வேண்டாம். ரெண்டு இட்லி போதும். குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வாந்தி தொடங்கியபின் கொடுத்தால் வயிற்றில் தங்காது. போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட், இலங்கை விசா இரண்டும் கட்டாயம். திரும்பிய மறுநாளே ஆபீஸ் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். காற்று பலமாக இருந்தால் கப்பலை எடுக்க மாட்டார்கள்.