பெட்டியடியிலிருந்து தொடங்கு

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சிக்குப் போக ஆசை. கரிம வேதியியலா, மின்வேதியியலா என்று ஓராண்டாகக் குழம்பிக் கிடக்கிறேன். மின்வேதியியல் பக்கம் உள்ள பேட்டரிக்குத்தான் எதிர்காலம் என்கிறார்கள். எங்கள் ஆசிரியர், ‘கோடையில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வா, தானே தெரியும்’ என்கிறார். அப்பச்சியோ (என் அப்பா), ‘எந்தத் துறை என்று முடிவு செய்யாமல் அங்கே போய் என்ன செய்வாய்? அந்த நேரத்தில் எம்.எஸ்ஸி. சேருவதற்கான ஜாம் நுழைவுத் தேர்வுக்குப் படி’ என்கிறார்கள். நான் யார் சொல்வதைக் கேட்பது?

தங்கள் வாசகி

அன்புள்ள மகளுக்கு,

போ. இந்தக் கோடையிலேயே போ. ஜாம் தேர்வு பிப்ரவரியில்தான் வரும். நீ எழுதப்போவது அடுத்த ஆண்டு. ஜூலையில் திரும்பினாலும் ஆறு மாதத்துக்கு மேல் கையில் இருக்கிறது.

அப்பச்சியிடம் நம் ஊர்க் கதையையே சொல். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழில் செய்யப் போன நம் செட்டியார்கள் எடுத்த எடுப்பிலேயே கடையை நடத்தும் ஏஜெண்டாகிவிடவில்லை. பணப்பெட்டிக்குப் பக்கத்தில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, ஏஜெண்டுக்கு உதவியாக இருக்கும் அடுத்தாளாகி, கணக்கு கைக்கு வந்த பிறகுதான் கடையை நம்பி ஒப்படைத்தார்கள். இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்று எந்தப் பையனும் வீட்டு முகப்பில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கடை நடந்த கிட்டங்கியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டான்.

பேட்டரிக்கு எதிர்காலம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் உன்னுடைய காலைப்பொழுது எப்படிப் போகும் என்பதை யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். மின்வேதியியல் சோதனையில் கரைசலுக்குள் வைக்கும் கண்ணாடிக் கரி மின்முனை என்று ஒன்று உண்டு. பென்சில் பருமனுள்ள வெள்ளைத் தண்டின் நுனியில் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கறுப்பு வட்டம், அவ்வளவுதான். ஈரத் துணியில் அலுமினாப் பொடியைக் குழைத்து, மின்முனையை நேராகப் பிடித்து, எட்டு போட்டபடி தேய்க்க வேண்டும். முதலில் 1 மைக்ரான் பொடி, பிறகு 0.3, கடைசியில் 0.05. கழுவி, ஃபெர்ரிசயனைடு என்ற உப்பின் கரைசலில் வைத்து, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் வரைபடத்தில் மேலே ஒரு முகடும் கீழே ஒரு முகடும் எழும். இரண்டுக்கும் இடைவெளி 60 மில்லிவோல்ட்டை ஒட்டி இருந்தால் பரப்பு சுத்தம். 120 காட்டினால் மறுபடியும் முதல் பொடியிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வளவும் உண்மையான சோதனை தொடங்குவதற்கு முன்னால்.

ஆச்சிமார் புளி போட்டுப் பித்தளைச் சாமான் விளக்குவதைப் பார்த்திருப்பாய். பளிச்சென்று ஆனபிறகும் ஒரு ஓரம் மங்கல் என்று திருப்பி வைத்துத் தேய்ப்பார்கள். அப்படித் தேய்க்க உனக்கு மனம் வருகிறதா, இல்லை பத்தாவது நிமிடத்திலேயே கை சலிக்கிறதா? எந்தப் புத்தகமும் இதற்குப் பதில் சொல்லாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதில் நான் பட்டிருக்கிறேன். உன் வயதில் எனக்குக் கரிம வேதியியல் என்றால் உயிர். காகிதத்தில் வளைந்த அம்பு போட்டு எலக்ட்ரானை நகர்த்துவதில் அப்படியொரு மகிழ்ச்சி. ஒரு கோடையில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். ஐந்து வாரம் குடுவை கழுவினேன். வழிகாட்டி என்னிடம் இரண்டு முறைதான் பேசினார். இந்தத் துறையே வேண்டாம் என்று அழுதுகொண்டு ஊர் திரும்பினேன். தவறு செய்தேன் மகளே. மறு ஆண்டு வேறோர் இடத்தில், ஒரு மூத்த மாணவி என்னைப் பக்கத்தில் நிறுத்தி, கலவையைப் பிரித்தெடுக்கும் கண்ணாடிக் குழாயில் சிலிக்காப் பொடியைக் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பக் கற்றுக்கொடுத்தார். மேலே ஊற்றிய பழுப்புக் கலவை இறங்க இறங்க, மஞ்சளாக ஒரு பட்டை முன்னே போயிற்று. சற்றுப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் இன்னொன்று பிரிந்து நின்றது. மூன்று மணி நேரம் நின்றுகொண்டே பார்த்தேன், கால் வலி தெரியவில்லை. முதல் இடத்தில் எனக்குப் பிடிக்காமல் போனது அந்த மனிதர்கள் நடத்திய விதம். நான் பழியைத் துறையின் மேல் போட்டிருந்தேன். உனக்கும் கசந்தால், எது கசந்தது என்று நிதானமாகப் பிரித்துப் பார்.

இடம் தேட நீ வெகுதூரம் போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. உன் ஊரிலிருந்து பஸ்ஸிலேயே போய்வரலாம். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதிலிருந்து பேட்டரி வரை அங்கே வேலை நடக்கிறது. வெளியூருக்கு வீட்டில் சம்மதித்தால், நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கும் விண்ணப்பி. இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு. கோடைக்கான விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் கடைசியிலேயே கேட்பார்கள், அறிவிப்பைத் தவறவிடாதே.

விஞ்ஞானிகளுக்கு எழுதும்போது ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பாதே. பார்த்த உடனே தெரிந்துவிடும். அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றை இரண்டு முறை படி. பாதி புரியாது, பரவாயில்லை. புரியாத ஓர் இடத்தைக் குறிப்பிட்டுக் கேள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்று எழுது. அரைப் பக்கம் போதும்.

போன முதல் வாரத்திலேயே அங்குள்ள ஆய்வு மாணவி ஒருவரிடம், “அக்கா, நேற்று முழுவதும் என்ன செய்தீர்கள்?” என்று கேள். கண்டுபிடிப்பைக் கேட்காதே, நேற்றைக் கேள். தைத்துக் கட்டிய நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போ. தினமும் தேதி போட்டுப் பேனாவால் எழுது, தாளைக் கிழிக்காதே. ஜூலையில் அதில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். சரியாக வராத சோதனையை எழுதிய பக்கமாகப் பார்த்து அனுப்பு.

அன்புடன்,
ஆச்சி