இத்தனை வருடம் கழித்து ஏன்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் எந்த வயதிலும் வழக்குப் போட சட்டம் இடம் தர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களின் வேதனை எனக்கும் புரிகிறது. ஆனால் முப்பது வருடம் கழித்துப் புகார் வந்தால் எதிர்த்தரப்பு எப்படித் தன்னைக் காத்துக்கொள்ளும்? சாட்சிகள் இறந்திருப்பார்கள், ஞாபகம் மங்கியிருக்கும். திருட்டுக்கும் மோசடிக்கும் கெடு வைக்கும் நாடுகள் இதற்கு மட்டும் ஏன் விலக்குத் தர வேண்டும்? உண்மையிலேயே நடந்திருந்தால் அப்போதே சொல்லியிருக்கலாமே?

கே.

அன்புள்ள கே,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவை எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

அப்போதே என்றால் எட்டு வயதில், பத்து வயதில். செய்தவர் பெரும்பாலும் தெரிந்த ஆள்: உறவினர், பயிற்சியாளர், பாதிரியார், வீட்டில் எல்லோரும் மரியாதை வைத்திருக்கும் ஒருவர். வெளியே சொன்னால் உன்னைத்தான் திட்டுவார்கள், யாரும் நம்பமாட்டார்கள் என்று அவரே பயமுறுத்தி வைத்திருப்பார். நடந்ததைச் சொல்ல அந்த வயதில் வார்த்தையும் கிடையாது. பலர் வாய் திறப்பது தங்கள் பிள்ளைக்கு அதே வயது வரும்போதுதான். மகனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது, இவ்வளவு சின்னப் பையனாகவா நான் இருந்தேன் என்று திடீரென்று உறைக்கிறது. நான் ஏன் தடுக்கவில்லை என்று அதுவரை தன்னையே நொந்துகொண்டிருந்தவருக்கு, அது தன் தப்பில்லை என்று அன்றுதான் தெரிகிறது.

ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ஓர் அரச விசாரணை ஆணையம், நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை விசாரித்தது. அதன் தனி அமர்வுகளில் பேசியவர்கள், நடந்ததை முதன்முதலில் ஒருவரிடம் சொல்லவே சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. இதை நியூயார்க்கின் பழைய சட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். 2019 வரை அங்கே கொடுமை செய்தவரிடம் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட பொதுவாக 23 வயதுதான் எல்லை. பத்து வயதில் பாதிக்கப்பட்டவர் அந்தச் சராசரிப்படி வாய் திறக்கும்போது 34 வயதை நெருங்கியிருப்பார். கெடு முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

பணம் திருடுபோனவர் மறுநாளே போலீசுக்குப் போகலாம். அவரை இருபது வருடம் பேசவிடாமல் வைத்திருக்கத் திருடனால் முடியாது. இங்கே தாமதத்தை உண்டாக்கியவரே அந்தத் தாமதத்தால் தப்பித்தும் போகிறார். இதற்குச் சட்டம் துணை போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நியூயார்க் 2019இல் அந்த எல்லையை 55 வயதாக உயர்த்தியது. ஏற்கெனவே கெடு முடிந்துபோனவர்களுக்கும் அந்த ஆகஸ்ட் முதல் ஒரு வருடம் வாய்ப்பு தந்தது; கொரோனா காரணமாக அது 2021 ஆகஸ்ட் வரை நீண்டது. அதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் வந்தன. அத்தனை பேரும் அதுவரை எங்கே போயிருக்க முடியும்?

சரி, ஆதாரத்துக்கு வருகிறேன். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் காலவரம்பை நீக்கினால் நிரூபிக்கும் பொறுப்பு நீங்கிவிடாது. வழக்குப் போட்டவர்தான் நிரூபிக்க வேண்டும், முடியாவிட்டால் தோற்பார். முப்பது வருட இடைவெளி அவரையும்தான் சிரமப்படுத்தும். நியாயமான விசாரணைக்கு வழியே இல்லை என்றால் வழக்கை நிரந்தரமாக நிறுத்திவைக்க ஆஸ்திரேலிய நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. அங்குள்ள லிஸ்மோர் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் கீழ் வரும் திருச்சபைப் பகுதி) மீதான ஒரு வழக்கில், சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்டது 1968இல். குற்றம் சாட்டப்பட்ட பாதிரியார் இறந்தது 1996இல். அவர் உயிரோடு இல்லை என்பதற்காக வழக்கை நிறுத்தத் தேவையில்லை என்று 2023இல் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் இருவர் உடன்படவில்லை. இப்படி ஒவ்வொரு வழக்கையும் எடுத்துப் பார்த்து நீதிபதிகள் தங்களுக்குள் வாதாடி முடிவு செய்யட்டும் என்றுதான் நானும் கேட்கிறேன்.

அப்புறம், ஆதாரம் என்றால் ஞாபகம் மட்டும் இல்லை. 2002இல் அமெரிக்காவின் பாஸ்டன் மறைமாவட்டத்தின் கோப்புகள் நீதிமன்றம் வழியாக வெளியே வந்தன. புகார் இருப்பது தெரிந்தே பாதிரியார்களை ஓர் ஊர்த் தேவாலயத்திலிருந்து இன்னோர் ஊர்த் தேவாலயத்துக்கு மாற்றியது அவற்றில் எழுத்தாகவே இருந்தது. இப்படிப்பட்ட கோப்புகள் நிறுவனங்களின் அலமாரிகளில்தான் இருக்கின்றன. வழக்கு இல்லாமல் அந்த அலமாரியை யாரும் திறக்கப்போவதில்லை.

கிரிமினல் வழக்கில் மட்டும் நான் ஓர் எல்லையை ஏற்கிறேன். ஒருவர் மீது குற்றவழக்குத் தொடரும் கெடு முடிந்த பிறகு, புதுச் சட்டம் போட்டு அதை உயிர்ப்பிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது பெரிய அடி. ஆனாலும் ஒருவரைச் சிறையில் தள்ளும் அதிகாரத்தை அரசு பின்தேதியிட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆகவே இனி நடப்பவற்றுக்கு கிரிமினல் கெடுவே வேண்டாம். பழையவற்றுக்கு சிவில் வழியாவது திறந்திருக்கட்டும்.

அந்த வழியையும் ஓரிரு வருடத்துக்குத் திறந்து மூடினால் போதாது. புதுச் சட்டம் வந்தது தெரியவே சிலருக்கு மாதங்கள் ஆகும், பிறகு வீட்டில் சொல்ல வேண்டும், வக்கீல் தேட வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2015இல் இந்த வழக்குகளுக்கான சிவில் காலவரம்பையே எடுத்துவிட்டது, பழைய சம்பவங்களுக்கும் சேர்த்து. மற்ற இடங்களிலும் இதையே கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அன்புடன்.