‘எவ்வளவு சாப்பிட்டாலும்...’

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 16. உயரம் 172 செ.மீ., எடை 47 கிலோ. கடந்த ஒன்றரை ஆண்டில் 11 செ.மீ. வளர்ந்திருக்கிறேன், எடை 2 கிலோகூட ஏறவில்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு வைக்கவில்லை. காலையில் பசிக்காது, ஒரு தம்ளர் தேநீர் குடித்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவேன். மதியச் சாப்பாட்டில் பாதி டப்பாவிலேயே திரும்பி வரும். ஆனால் இரவில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்சிச் சாப்பிட ஆளில்லை. வகுப்பில் ‘குச்சி’ என்கிறார்கள். அரைக்கைச் சட்டை போடுவதையே விட்டுவிட்டேன். எடை கூட்டும் பவுடரும் ஒரு மாத்திரையும் வாங்கித் தருவதாக நண்பன் சொல்கிறான். வாங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாத்திரை வேண்டவே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

‘எவ்வளவு சாப்பிட்டாலும்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே காலையில் சாப்பிடுவதில்லை, மதியம் பாதிதான் என்கிறீர்கள். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டுக் கை கழுவினால், மறுநாள் பகல் 1 மணி வரை 16 மணி நேரம். நடுவில் ஒரு தம்ளர் தேநீர். இரவுச் சாப்பாடு வயிறு முட்ட இருப்பதால் அது மட்டும் உங்கள் நினைவில் நிற்கிறது. நானும் ஒல்லியாக இருந்தவன்தான். நானும் இப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாள், வாயில் போட்டதையெல்லாம் நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். டப்பாவில் மிச்சம் வைத்ததையும் எழுத வேண்டும்.

உங்கள் வயதில் எலும்பு முந்திக்கொள்ளும், சதை பின்னால் வரும். பையன்கள் பெரும்பாலும் 13, 14 வயதில்தான் மிக வேகமாக உயர்வார்கள். சிலருக்கு அது தள்ளிப்போகும். தோளும் மார்பும் நிறைவது அதற்குப் பிறகு. ஆகவே ஓரளவு மெலிவு இயல்புதான். ஆனாலும் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உடல் நிறை குறியெண் (பி.எம்.ஐ., உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 15.9 வருகிறது. பெரியவர்களுக்கான 18.5 என்ற எல்லையை உங்கள் வயதுக்குப் பொருத்தக் கூடாது; உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரை தனி அட்டவணை வைத்திருக்கிறது. அதிலும் நீங்கள் மெலிவுக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறீர்கள். எனவே முதலில் மருத்துவர். தைராய்டு மிகையாகச் சுரப்பது, சர்க்கரை நோய், காசநோய், குடல் சத்தை உறிஞ்சாமை என்று எடையைத் தின்னும் காரணங்கள் பல. இருக்கிற எடையும் குறைந்தால், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாரக்கணக்கில் இருமல், மாலைக் காய்ச்சல், நீடிக்கும் பேதி இவற்றில் ஏதாவது இருந்தால் நாள் கடத்தாதீர்கள். சாப்பாட்டைக் கண்டாலே மனம் விலகுகிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நோய் எதுவும் இல்லையென்றால் வேலை எளிது, ஆனால் மெதுவானது. நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி கூடுதலாகப் போனால் போதும். 250 மி.லி. கொழுப்பு நீக்காத பால் ஏறத்தாழ 150, ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலை 170, ஒரு வாழைப்பழம் 100. இதோ 420 வந்துவிட்டது. இதை இரவுச் சாப்பாட்டின் தலையில் ஏற்றாதீர்கள். காலையிலும் மாலையிலும் பிரித்துப்போடுங்கள். காலைப் பசி பழக்கத்தால் வருவது. முதல் வாரம் அரை வாழைப்பழம்தான் இறங்கும், இறங்கட்டும். சாப்பிட உட்காரும் முன் தேநீரும் தண்ணீருமாக வயிற்றை நிரப்பாதீர்கள். முட்டை, பருப்பு, தயிர், மீன் என்று வீட்டில் எது வழக்கமோ அது தினமும் இருக்கட்டும். உணவில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினால் 120 கலோரி; வயிற்றில் இடமே அடைக்காது. இனிப்பும் குளிர்பானமும் எடை ஏற்றத்தான் செய்யும். ஆனால் அடுத்த வேளைப் பசியைக் கெடுத்துவிட்டு ஏற்றும்.

கூடவே வாரம் மூன்று நாள் தண்டாலும் பஸ்கியும் எடுங்கள். தின்றது தொப்பையாகாமல் தசையாக வேண்டுமல்லவா? தூக்கம் 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

பவுடரைப் பற்றி எனக்குப் பெரிய கோபமில்லை. பெரும்பாலும் மாவுச்சத்தும் பால் புரதமும்தான். அடுக்களையில் இருப்பதையே டப்பாவில் விலைக்கு வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். மாத்திரை அப்படியல்ல. பெயர் தெரியாத எடை கூட்டும் மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. முகம் உப்பும், உடம்பு பூரிக்கும். பார்க்கிறவர்கள் ‘தேறிவிட்டான்’ என்பார்கள். அது நீரும் கொழுப்பும். உள்ளே எலும்பும் தசையும் நலிந்துகொண்டிருக்கும். தசை வளர்க்கும் ஸ்டீராய்டு என்றால் எலும்பின் வளர்ச்சி முனைகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். உயரம் அத்தோடு நின்றுபோகும்.

நானே 17 வயதில் பசிக்கென்று ஒரு டானிக் குடித்தேன். ஒவ்வாமைக்குத் தரும் சைப்ரோஹெப்டாடின் அது என்று பின்னாளில்தான் தெரிந்தது. பசித்தது. மதிய வகுப்புகளில் மேசைமேல் கன்னம் ஒட்டத் தூங்கினேன். விழித்தபோது கணக்கு நோட்டின் மை கன்னத்தில் தலைகீழாகப் பதிந்திருந்தது. ஏறிய 3 கிலோவும் பாட்டில் தீர்ந்த இரண்டே மாதத்தில் இறங்கிவிட்டது.

எடையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் ஒரே நேரத்தில் பாருங்கள். தினமும் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். மருத்துவரிடம் போகும்போது அந்த மூன்று நாள் தாளைக் கொண்டுபோங்கள். இரவுச் சாப்பாட்டை மட்டும் எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள்.