காசு குடுத்து வாங்கின பட டிவிடியை வீட்டுல பாக்க காப்பி பண்ணி வச்சுக்கிட்டா சட்டப்படி குத்தமா?

குத்தம் இல்லைன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா டிஸ்க் ஒரிஜினலா இருக்கணும், எடுத்த காப்பி உங்க வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது. நீங்களும் எங்கள மாதிரி பழைய டிவிடி பெட்டி பெட்டியா வச்சிருப்பீங்க, யாரோ பைரசி கேஸ்னு பயமுறுத்தியிருப்பாங்க, அதான் கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். என்னையும் அப்படித்தான் பயமுறுத்தினாங்க, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

எங்களுக்கு கடலூர். அப்பாவுக்கு சினிமான்னா உயிர், ஆனா திருட்டு சிடி மட்டும் வீட்டுக்குள்ள வரவே கூடாதுன்னு இருந்தாரு. மோசர் பேயர் கம்பெனி குறைஞ்ச விலைக்கு ஒரிஜினல் டிஸ்க் போட ஆரம்பிச்ச காலத்துல சம்பளம் வந்ததும் திருப்பாப்புலியூர்ல இறங்கி படம் வாங்கிட்டுதான் வீட்டுக்கே வருவாரு. 2015 வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்து கீழ்த்தட்டுல இருந்த டிஸ்க் பூரா சேத்துல ஊறிப்போச்சு. அட்டை எல்லாம் பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கிச்சு. ஒவ்வொண்ணா சோப்புத் தண்ணில அலசி, மெல்லிசு துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா துடைச்சு வச்சேன் (வட்டமா துடைச்சிடாதீங்க, கீறல் ட்ராக் போற வழியிலேயே விழுந்தா ப்ளேயரால படிக்கவே முடியாது). முக்கால்வாசி பொழைச்சிடுச்சு, ஆனா அங்கங்க நின்னு நின்னு ஓடும்.

அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா அந்த படங்களைத்தான் போடச் சொல்லுவாங்க. ப்ளேயரும் ரிப்பேர் ஆயிடுச்சு, சரி எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டுடலாம்னு ஒரு கடைக்கு எடுத்துட்டு போனேன். அவரு பையை திறந்து பாத்துட்டு, "இதெல்லாம் திருட்டு வேல தம்பி, குண்டாஸ்ல போட்டுருவான், எடுத்துட்டு போங்க"ன்னு நாலு பேர் முன்னாடி சொன்னாரு. எங்கப்பா ஒண்ணு விடாம காசு குடுத்து வாங்கின டிஸ்க் சார் அது. ஹாலோகிராம் ஸ்டிக்கர் கூட உரியல. அந்த வார்த்தைய இன்னும் என்னால ஜீரணிக்க முடியல, அன்னிக்கு ராத்திரியே சட்டத்தை எடுத்து வச்சு படிச்சேன்.

1957 காப்பிரைட் சட்டத்துல 52(1)(ஏ)ன்னு ஒரு பிரிவு இருக்கு. தனிப்பட்ட, சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவுல பயன்படுத்தினா அது மீறல் இல்லைன்னு சொல்லுது. முன்னாடி அதுல சினிமா கிடையாது, 2012 திருத்தத்துலதான் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் தவிர எல்லா படைப்புக்கும்னு மாத்தினாங்க. அந்த நோக்கத்துக்காக எலக்ட்ரானிக் முறையில சேமிச்சு வைக்கிறதும் மீறல் ஆகாதுன்னு விளக்கமும் அதுலயே இருக்கு. இப்ப சில பேர் வந்து டிவிடில காப்பி எடுக்க விடாம ஒரு பூட்டு இருக்கே, அதை உடைக்கிறது குத்தம்தானேன்னு கேப்பாங்க. 65ஏ பிரிவு அதுக்குத்தான், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, ஆனா உரிமைய மீறணும்ங்கற எண்ணத்தோட உடைச்சாதான்னு தெளிவா எழுதியிருக்கு. அமெரிக்கா சட்டம் இந்த விஷயத்துல ரொம்ப கடுமை, இன்டர்நெட்ல நாம படிச்சு பயப்படுறது பாதி அந்த ஊரு கதைதான். நான் வக்கீல் இல்ல, 'நியாயமான அளவு' எதுங்கறத கடைசில கோர்ட்டுதான் சொல்லணும், அதையும் ஒத்துக்கிறேன்.

கடைக்காரர் பயத்துல அர்த்தம் இல்லாம இல்ல. 2004ல தமிழ்நாட்டு குண்டர் சட்டத்துல வீடியோ திருட்டையும் சேத்தாங்க, அதுல உள்ள போனா ஒரு வருஷம் வரைக்கும் வெளிய வர முடியாது. காசு வாங்கிட்டு அடுத்தவங்களுக்கு காப்பி போட்டுக் குடுத்தா அதை சொந்த உபயோகம்னு அவரால சொல்ல முடியாது. அதனால கடைக்கு போகாதீங்க. வெளிய மாட்டுற டிவிடி டிரைவ் ஒண்ணு வாங்கி வீட்டுலயே நீங்களே பண்ணுங்க, நான் அப்படித்தான் பண்ணேன். அதுக்காக என்னை நாலு பேர் முன்னாடி திருடன் மாதிரி பேசினது சரியாகிடாது.

காப்பி எடுத்துட்டு ஒரிஜினலை விக்கிறது, ஃப்ரெண்டுக்கு பென் டிரைவ்ல குடுக்குறது, டெலிகிராம்ல ஏத்துறது எதையும் பண்ணாதீங்க. காப்பிரைட் மீறலுக்கு ஆறு மாசத்துலேர்ந்து மூணு வருஷம் ஜெயில், 50,000லேர்ந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். பாண்டி சண்டே மார்க்கெட் மாதிரி இடத்துல பழைய டிஸ்க் வாங்கினா அது ஒரிஜினலான்னு நல்லா பாத்துக்குங்க, டிஸ்க்கே திருட்டா இருந்தா நான் சொன்ன எதுவும் உங்களுக்கு உதவாது.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா சொல்லாம இருக்க முடியல. தங்கச்சி கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த ஸ்டூடியோல இன்னொரு காப்பி கேட்டா காப்பிரைட் எங்களுது, காசு கட்டுங்கன்னாங்க. அதே சட்டத்துல 17(பி) பாருங்க, காசு குடுத்து எடுக்கச் சொன்னவங்கதான் முதல் உரிமையாளர், வேற மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தாதான் மாறும். நாங்க எதுலயும் கையெழுத்து போடல. பொண்ணு வீட்டுக்காரங்க, கேள்வி கேக்க மாட்டாங்கன்னு நினைச்சுட்டாங்க. உங்க பெட்டிலயும் கல்யாண டிவிடி இருந்தா சினிமாவை விட்டுட்டு முதல்ல அதை காப்பி பண்ணுங்க. கம்பெனி டிஸ்க் அச்சு போட்டது, தாங்கும். ஸ்டூடியோல எழுதிக் குடுக்குறது சாயத்துல எழுதுறது, வெயில் சூடு பட்டா சீக்கிரம் போயிடும்.